மூலிகை: அருளும் அமானிதமும்



 

மழைக்காலம் தொடங்கிவிட்டது. வீட்டுக்கு வீடு இருமலும் சளியும் காய்ச்சலும் வரத் தொடங்கிவிட்டன. பஜ்ரு தொழுகைக்கு வரும்போது தெருவில் சுக்கு இடிக்கும் ஓசை கேட்கிறது. சில வீடுகளிலிருந்து நொச்சி இலை வேகும் மணம் வருகிறது. நம் உம்மாமார்களும் அவர்களுடைய உம்மாமார்களும் கைமாற்றித் தந்த மருத்துவச் செல்வம் அது. அதனைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அந்தச் செல்வம் அல்லாஹ்வின் அருள். அதே நேரத்தில் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதமும் ஆகும். அருள் என்பதை நாம் நன்கு அறிவோம். அமானிதம் என்பதைச் சில வேளைகளில் மறந்துவிடுகிறோம். நானும் ஒருமுறை மறந்தேன். அதனை மறைக்காமல் உங்கள் முன் சொல்லவே இன்று இந்தத் தலைப்பை எடுத்தேன்.

படைத்தவன் வைத்த மருந்து

எந்த நோயை அல்லாஹ் இறக்கினாலும் அதற்குரிய நிவாரணத்தையும் சேர்த்தே இறக்கியிருக்கிறான் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. இது புகாரியில் பதிவாகியுள்ளது. மருத்துவம் செய்யலாமா என்று நாட்டுப்புற அரபிகள் வந்து கேட்டபோது, செய்துகொள்ளுங்கள் என்றே பெருமானார் ஏவினார்கள். ஆகவே மருந்து உண்பது தவக்குலுக்கு முரணானதன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அதன் பிறகு அல்லாஹ்விடம் பொறுப்பை ஒப்படைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

திருக்குர்ஆனில் தேனீயின் பெயராலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அந்நஹ்ல் என்னும் அந்த அத்தியாயத்தின் 69ஆம் வசனம், தேனீயின் வயிற்றிலிருந்து வெளிப்படும் பல நிறப் பானத்தில் மனிதர்களுக்கு நோய் நிவாரணம் இருப்பதை எடுத்துரைக்கிறது. சுவனத்துப் பானத்தைப் பற்றிப் பேசும்போது இஞ்சியின் பெயர் வருகிறது. மீனின் வயிற்றிலிருந்து கரையில் சேர்க்கப்பட்டு நலிந்து கிடந்த யூனுஸ் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் முளைக்கச் செய்தது சுரை வகைக் கொடியொன்றைத்தான். ஒரு நபிக்கு நிழலாகவும் துணையாகவும் அனுப்பப்பட்டது ஒரு கொடி என்றால், தாவரத்தை அற்பமாகக் கருத நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஓர் ஒப்புதல்

சில ஆண்டுகளுக்கு முன்பு, இதே மிம்பரில் நின்று கருஞ்சீரகத்தின் சிறப்பைப் பற்றிப் பயான் செய்தேன். மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் அதில் நிவாரணம் உண்டு என்று வந்துள்ள நபிமொழியை உணர்ச்சியோடு விளக்கினேன். ஹதீஸ் ஆதாரப்பூர்வமானது, புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அதில் ஐயமில்லை. குறை என் விளக்கத்தில் இருந்தது. மதரஸாவில் ஓதும்போது அந்த ஹதீஸுக்கு உலமாக்கள் தந்த விரிவுரையை நானும் படித்தவன்தான். ஆனால் நேரம் குறைவாக இருந்தது; மக்கள் ஆர்வத்தோடு கேட்டார்கள்; விரிவுரையை விட்டுவிட்டு ஹதீஸை மட்டும் சொல்லி இறங்கிவிட்டேன்.

நம் ஜமாஅத்தில் முன் வரிசையில் தவறாமல் தொழும் பெரியவர் ஒருவர் அன்று அமர்ந்திருந்தார். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்டு வந்தவர். அன்று வீட்டுக்குப் போனவர் மாத்திரைகளை எடுத்து ஒதுக்கி வைத்தார். காலையில் வெறும் வயிற்றில் கருஞ்சீரக எண்ணெய் ஒரு கரண்டி குடிக்கத் தொடங்கினார். வீட்டில் மனைவி கேட்டதற்கு, ரஸூலுல்லாஹ் சொன்னதைவிட டாக்டர் சொன்னது பெரிதா என்று பதில் சொன்னாராம். நான்கு மாதம் கழிந்தது. செருப்பு கடித்துக் காலில் சிறு புண் வந்தது. உணர்ச்சி மரத்துப்போன கால் என்பதால் அவருக்கு அது தெரியவில்லை. தெரிந்தபோது புண் கறுத்திருந்தது. முதலில் இரண்டு விரல்கள் போயின. பிறகு முழங்காலுக்குக் கீழே கால் போனது.

நலம் விசாரிக்கச் சென்றேன். என்னைக் கோபித்திருந்தால்கூட என் மனம் ஆறியிருக்கும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஹஜ்ரத், எனக்கு ஈமான் குறைவா? எல்லாருக்கும் குணமாகிற மருந்து எனக்கு மட்டும் ஏன் குணமாக்கவில்லை?"

அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அழுதுகொண்டு திரும்பினேன். கால் இழந்தவர் தன் ஈமானையே சந்தேகிக்கும்படி ஆனதற்கு என் அரைகுறைப் பேச்சு காரணமாகிவிட்டதே என்ற வேதனை இன்றும் தீரவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு அவருடைய அனுமதியோடு இன்று பதில் சொல்கிறேன்.

ஹதீஸின் பொருள்

ஹதீஸ் கலையின் பேரறிஞர் இமாம் கத்தாபி (ரஹ்) அவர்கள், இந்த ஹதீஸில் எல்லா நோய் என்று பொதுவாக வந்துள்ள சொல்லுக்குக் குறிப்பிட்ட வகை நோய்கள் என்றே பொருள் கொள்ள வேண்டும் என விளக்கியுள்ளார்கள். குளிர்ச்சியாலும் கபத்தாலும் வரும் நோய்களை அவர்கள் சுட்டுகிறார்கள். எல்லா நோய்களின் தன்மையையும் ஒருசேர எதிர்கொள்ளும் இயல்பு எந்த ஒரு தாவரத்துக்கும் இல்லை என்பது அவர்களின் வாதம். புகாரிக்கு விரிவுரை எழுதிய இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் இக்கருத்தைத் தம் நூலில் எடுத்துக் காட்டுகிறார்கள். அது தனியாகவும், வேறு மருந்தோடு சேர்ந்தும், அரைத்தும், சொட்டாக விட்டும், பூசியும் என நோய்க்கேற்ப வெவ்வேறு விதமாகப் பயன்படும் என்றும் விளக்குகிறார்கள்.

இதற்கு நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கையே சான்று. கருஞ்சீரகம் ஒன்றே எல்லாவற்றுக்கும் போதுமானதாக இருந்தால், அவர்கள் வேறு மருந்தையே சொல்லியிருக்க வேண்டியதில்லை அல்லவா? ஆனால் வயிற்றுக் கோளாறு கண்டவருக்குத் தேன் கொடுக்கச் சொன்னார்கள். உஹுதுப் போரில் அவர்களுக்குக் காயம்பட்டு இரத்தம் நிற்காதபோது, மகள் பாத்திமா (ரலி) அவர்கள் பாயை எரித்துச் சாம்பலை வைத்து இரத்தத்தை நிறுத்தினார்கள். காயம்பட்டாலோ முள் தைத்தாலோ அந்த இடத்தில் மருதாணி வைப்பார்கள் என்று அவர்களுக்குப் பணிவிடை செய்த ஸல்மா (ரலி) அறிவிக்கிறார்கள். இஹ்ராமில் இருப்பவருக்குக் கண்வலி வந்தால் கற்றாழைப் பாலின் மருந்தை இடலாம் என்று வழிகாட்டினார்கள். துக்கத்தில் இருப்பவர்களுக்கு வாற்கோதுமைக் கஞ்சி காய்ச்சித் தரச் சொல்வது ஆயிஷா (ரலி) அவர்களின் வழக்கம். ஒரு நோய்க்கு ஒன்று, மற்றொன்றுக்கு வேறொன்று. இதுவே சுன்னத்.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நெஞ்சு நோயால் படுத்தபோது நபி (ஸல்) அவர்கள் நேரில் சென்று நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார்கள். பிறகு, ஸகீஃப் குலத்தைச் சேர்ந்த ஹாரிஸ் பின் கலதாவிடம் செல்லுங்கள், அவர் வைத்தியம் அறிந்தவர் என்று அனுப்பினார்கள். இது அபூதாவூதில் உள்ளது. வஹீ வந்துகொண்டிருந்த வீட்டின் தலைவர், தம் தோழரை வைத்தியரிடம் அனுப்பினார்கள். டாக்டரிடம் போவது ஈமானின் குறைவு என்று இனி யார் சொல்ல முடியும்?

எனவே, அந்தப் பெரியவரின் ஈமானில் எந்தக் குறையும் இல்லை. மருந்து மாறியது, நோய்க்கு உரிய மருந்து நிறுத்தப்பட்டது. அவ்வளவுதான். கருஞ்சீரகத்தை உணவோடு சேர்ப்பது சுன்னத்தை நேசிப்பதாகும். சர்க்கரை மாத்திரையை, இன்சுலினை, இரத்த அழுத்த மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துவது, தன்னைத் தானே அழிவில் தள்ளிக்கொள்வதை அல்லாஹ் தடுத்துள்ள தடையை மீறுவதாகும்.

அளவும் முறையும்

தேன் கொடுக்கச் சொன்ன அந்த நிகழ்ச்சியில் நமக்குப் பாடம் இருக்கிறது. அந்த மனிதர் திரும்பத் திரும்ப வந்து, கொடுத்தும் குணமாகவில்லை என்று முறையிட்டார். மேலும் கொடுங்கள் என்றே பெருமானார் சொன்னார்கள், முடிவில் குணமானது. இதற்கு விளக்கம் எழுதிய இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள், மருந்துக்கு நோயின் நிலைக்கேற்ற ஓர் அளவு உண்டு, குறைந்தால் பயன் தராது, மிஞ்சினால் வேறு தீங்கு தரும் என்கிறார்கள்.

அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களிடம், எதைக் கொண்டு பேதி எடுக்கிறீர் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதாக திர்மிதீ, இப்னுமாஜா நூல்களில் ஓர் அறிவிப்பு உண்டு. அவர்கள் கடுமையான ஒரு பூண்டின் பெயரைச் சொன்னபோது, அது கடும் சூடு என்று சொல்லித் தடுத்தார்கள். பிறகு அவர்கள் ஸனா இலையைப் பயன்படுத்தினார்கள். ஸனா என்பது நாம் நிலாவரை என்றும் நிலவாகை என்றும் சொல்லும் இலைதான். அரபு மண்ணின் அந்தச் செடி நம் தென்சீமைக்கு வந்து வேரூன்றி, தூத்துக்குடி, திருநெல்வேலி வட்டாரத்துக் கரிசல் காட்டில் பயிராகி, திருநெல்வேலிப் பெயரோடு உலகச் சந்தைக்குப் போகிறது. மக்காவின் இலை நம் மாவட்டத்தின் பயிரானது அல்லாஹ்வின் ஏற்பாடு.

அதைப் போலவே நம் நாட்டு மருந்து ஒன்று மதீனா சென்றிருக்கிறது. குழந்தைகளுக்குத் தொண்டை வீங்கினால் விரலை விட்டு அழுத்துவது அன்றைய அரபுப் பெண்களின் வழக்கம். உம்மு கைஸ் (ரலி) அவர்கள் தம் குழந்தைக்கு அவ்வாறு செய்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், ஏன் குழந்தைகளை இப்படி வதைக்கிறீர்கள் என்று கண்டித்து, இந்தியக் கோஷ்டத்தைப் பயன்படுத்தச் சொன்னார்கள். காஷ்மீர் மலைகளில் விளையும் அந்த வேரைப் பற்றிய ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. இதில் வேரின் சிறப்பை மட்டும் பார்க்காதீர்கள். பரம்பரை வழக்கம் என்பதற்காக ஒரு தவறான வைத்தியத்தை நபியவர்கள் விட்டு வைக்கவில்லை. வதைக்கும் முறையைத் தடுத்து வதைக்காத முறையைக் காட்டினார்கள். வழக்கம் என்பது மட்டும் ஒன்றைச் சரியாக்கிவிடாது.

நம் முன்னோர்களான முஸ்லிம் அறிஞர்கள் இந்தப் பாதையிலேயே நடந்தார்கள். மலகா நகரில் பிறந்து 1248இல் டமாஸ்கஸில் மறைந்த இப்னுல் பைத்தார் ஏறத்தாழ 1400 மருந்துப் பொருள்களைத் தொகுத்து எழுதினார். பல நாடுகளில் அலைந்து, செடியை நேரில் கண்டு எழுதியவர் அவர். 1037இல் மறைந்த இப்னு ஸீனா தம் கானூன் நூலின் இரண்டாம் பாகத்தில், ஒரு மருந்தைச் சோதித்து அறிவது எப்படி என்று விதிகளையே வகுத்தார். விலங்குகளில் பலித்தது மனிதனுக்கும் பலிக்கும் என்று முடிவு கட்டக்கூடாது என்று அன்றே எழுதினார். 2015இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசில் பங்கு பெற்ற சீனப் பெண் அறிஞர் தூ யூயூ, மலேரியாவுக்கான மருந்தைப் பழைய மூலிகை நூலொன்றின் குறிப்பிலிருந்தே கண்டெடுத்தார். குறிப்பு பழையது, ஆயினும் சோதித்த பிறகே அது மருந்தாயிற்று.

வீட்டில் இருக்க வேண்டியவை

இனி நம் வீட்டுக்கு வருவோம். சிறு உபாதைகளுக்கு வீட்டு மருந்தே போதும்.

சளி, இருமலுக்குச் சுக்கு, மிளகு, துளசி, கற்பூரவள்ளி ஆகியவற்றில் கிடைத்ததைக் கொதிக்க வைத்து வெதுவெதுப்பாகக் குடித்தால் தொண்டைக்கு இதமாக இருக்கும். கற்பூரவள்ளியை ஒரு தொட்டியில் கிளையாக ஒடித்து நட்டாலே தழைத்துவிடும். தூதுவளை இலையைப் பறித்து முள்ளை நீக்கித் துவையலாக அரைக்கலாம்; ரசமும் வைக்கலாம். ஓராண்டு நிறைந்த குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் இரவில் ஒரு சிறு கரண்டித் தேன் இருமலைத் தணிக்கும் என்பதை இன்றைய மருத்துவமும் ஏற்கிறது. ஆடாதோடையின் சத்திலிருந்தே இன்று டாக்டர்கள் சளியை இளக்க எழுதித் தரும் மருந்தொன்று உருவாயிற்று. ஆனால் அதே ஆடாதோடை கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்குச் சுகம் தரும். கொதிக்கும் பாத்திரத்தைக் குழந்தையின் அருகில் வைக்காதீர்கள். ஆவி பிடிக்கும்போது வெந்நீர் கொட்டி வெந்த குழந்தைகள் ஏராளம்.

வயிற்றுப் பொருமலுக்கு ஓமத்தண்ணீர், குமட்டலுக்கு இஞ்சி, சிறு மலச்சிக்கலுக்கு ஊறவைத்த உலர் திராட்சை போதும். நிலாவரையை ஓரிரு நாளைக்கு மேல் தொடர வேண்டாம். காரணம் தெரியாத வயிற்றுவலிக்கு எந்தப் பேதி மருந்தும் கூடாது. அது குடல்வாலின் அழற்சியாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

சிறு தீக்காயத்துக்கு முதல் மருந்து குழாய்த் தண்ணீர். இருபது நிமிடம் காட்டுங்கள். அதன் பிறகு தோல் உரியாத இடத்தில் சோற்றுக்கற்றாழையின் சதையைத் தடவலாம். மாவு, மை, பற்பசை எதுவும் வேண்டாம்.

வயிற்றுப்போக்குக்கு மருந்தைவிட நீர்தான் முக்கியம். மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் சிறந்தது. கிடைக்காத வேளையில் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு சிறு கரண்டி சர்க்கரையும், அரைச் சிறு கரண்டி உப்பும் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுங்கள்.

நம் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியை எண்ணிப் பாருங்கள். வெந்தயம், பூண்டு, இஞ்சி, சீரகம் என்று அதில் சேராத மருந்துப் பொருள் குறைவு. நாள் முழுதும் வெறுமையாய் இருந்த வயிற்றுக்கு எது இதம் என்பதை அறிந்த கைகள் வகுத்த பக்குவம் அது. நம் உம்மாமார்களின் மருத்துவம் பெரும்பாலும் இப்படி உணவோடு உணவாகவே இருந்தது. அந்த அளவில் இருக்கும்வரை அது அருள். கரண்டி கரண்டியாக, மாதக் கணக்கில், நோயாளிக்கு மருந்தாகக் கொடுக்கத் தொடங்கும்போது அதற்கு அறிந்தவரின் ஆலோசனை வேண்டும்.

எச்சரிக்கைகள்

தாய்மார்களே! இதனைச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள்.

முதலாவது, ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் பெரியவர்களை ஒன்றும் செய்வதில்லை. பச்சிளங்குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிறோம் என்று தேன் தொட்டு வைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் அப்துல்லாஹ் பின் ஜுபைர் (ரலி) அவர்களுக்குத் தஹ்னீக் செய்தது பேரீச்சம் பழத்தால். என்னைத் தஹ்னீக் செய்ய அழைக்கும் வீடுகளில் நான் தேனைத் தொடுவதில்லை. கையை நன்றாகக் கழுவி, பேரீச்சம் பழத்தின் சாற்றை மேலண்ணத்தில் மெல்லத் தொட்டு வைத்து துஆ செய்கிறேன். குழந்தை குறைமாதமாகவோ நோயுற்றோ இருந்தால், டாக்டரைக் கேட்கும்வரை துஆ மட்டும் செய்கிறேன். பரக்கத்து துஆவில் இருக்கிறது. இதில் வீட்டார் வருத்தப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது, கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெயை உள்ளுக்குக் கொடுக்காதீர்கள். அதனால் வலிப்பு கண்டு மூளை பாதித்த குழந்தைகளைப் பற்றி மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உள்ளன. கற்பூரத்தை உள்ளுக்குக் கொடுப்பதும், கற்பூரத் தைலத்தை மூக்கில் தடவுவதும் அவ்வாறே ஆபத்து. ஆறு மாதம்வரை தாய்ப்பாலே உணவு, தாய்ப்பாலே மருந்து. உரைமருந்தும் தேவையில்லை.

மூன்றாவது, மருதாணி என்று விற்கப்படும் கறுப்புச் சாயங்கள் மருதாணி அல்ல. முடிச்சாயத்துக்குரிய இரசாயனம் கலந்த அவை தோலைக் கொப்புளிக்கச் செய்யும். பெருநாளைக்கு வீட்டில் அரைத்த இலையே போதும். அதனையும் பிறந்த குழந்தையின் உடலில் பூச வேண்டாம். இரத்தத்தில் பிறவிக் குறை ஒன்று இருக்கும் குழந்தைகளுக்கு அது இரத்த அணுக்களைச் சிதைத்துவிடும்.

நான்காவது, மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது ஊரறிந்த செய்தி. காமாலை என்பது ஒரு நோயன்று. பல நோய்களின் அடையாளம். கிருமியால் வரும் ஒருவகைக் காமாலை மருந்தில்லாமலே பெரும்பாலும் தணிந்துவிடும். பித்தக் குழாயில் கல் அடைத்து வந்தால் கீழாநெல்லி அதனைத் திறக்காது. எதனால் வந்தது என்று இரத்தப் பரிசோதனையில் அறிந்துகொண்ட பிறகே மற்றவை.

ஐந்தாவது, இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்கள் பூண்டு, இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றை மருந்தளவில் சேர்த்தால் இரத்தக் கசிவு வரலாம். சர்க்கரை மாத்திரையோடு வெந்தயத்தை மிகுதியாக உண்டால் சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கம் வரலாம். அதிமதுரத்தைத் தொடர்ந்து உண்டால் இரத்த அழுத்தம் கூடும். வீட்டில் என்ன உண்கிறோம் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். திட்டுவார் என்று பயந்து மறைப்பவர்கள் நம்மில் அதிகம்.

ஆறாவது, பாம்புக் கடிக்கும் நாய்க் கடிக்கும் பச்சிலை வைத்தியம் கிடையாது. மருத்துவமனை ஒன்றே வழி. தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் உயிரோடு விளையாடுவது. நாய் கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு உடனே தடுப்பூசிக்குச் செல்லுங்கள். அவ்வாறே, நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்கள் அதனோடு நின்றுவிட வேண்டாம். காய்ச்சலில் மூச்சு வாங்கினாலும், தொடர்ந்து வாந்தி எடுத்தாலும், கடும் வயிற்றுவலியோ இரத்தக் கசிவோ கண்டாலும், குழந்தை சோர்ந்து சிறுநீர் குறைந்தாலும் அதே நேரத்தில் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஏழாவது, அடையாளம் தெரியாத செடியைத் தொடாதீர்கள். நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு கொடிய நஞ்சு. உண்ணும் கிழங்கென்று எண்ணி ஏமாந்தவர்கள் உண்டு. ஒரே பெயரில் ஊருக்கு ஊர் வெவ்வேறு செடிகளை வழங்குவதும் உண்டு.

நாவின் பொறுப்பும் தராசின் பொறுப்பும்

வைத்தியம் அறியாமல் வைத்தியம் செய்து ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், செய்தவரே அதற்குப் பொறுப்பாளி என்பது நபிமொழி. அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் இது இடம்பெற்றுள்ளது. நம் ஃபிக்ஹு நூல்களில் இழப்பீடு பற்றிய சட்டங்களுக்கு இது ஓர் ஆதாரம். இன்று வைத்தியம் செய்வதற்கு ஒரு கைப்பேசி போதும். ஏழு நாளில் சர்க்கரை தீரும், பத்து நாளில் புற்றுநோய் கரையும் என்று வரும் செய்தியைக் கீழே ஒரு ஹதீஸையும் சேர்த்து நூறு பேருக்கு அனுப்பிவிடுகிறோம். கேட்டதையெல்லாம் பரப்புவது ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்று எச்சரிக்கப்பட்ட சமுதாயம் நாம். நாம் அனுப்பியதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால், மறுமையில் அந்தக் கேள்வி நம்மிடம் வராதா? மிம்பரில் பேசிய எனக்கு அந்தக் கேள்வி இருக்கிறது. கைப்பேசியில் அனுப்பும் உங்களுக்கும் இருக்கிறது.

நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் சகோதரர்களே! உங்கள் தொழில் கண்ணியமானது. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரமாக இருப்பதைக் கண்டு, மோசடி செய்பவன் நம்மைச் சார்ந்தவன் அல்ல என்று பெருமானார் எச்சரித்ததை நீங்கள் அறிவீர்கள். நிறத்துக்காக ஈயம் கலந்த சாயம் சேர்த்த மஞ்சள் தூளும், ஆங்கில மருந்தை இரகசியமாகக் கலந்த மூலிகைப் பொடியும் சந்தையில் பிடிபட்டதுண்டு. பூசணம் பிடித்த வேரை வெயிலில் காட்டி விற்காதீர்கள். தெரியாத நோய்க்கு மருந்து கேட்டு வருபவரிடம், டாக்டரைப் பாருங்கள் என்று சொல்வதால் ஒரு வியாபாரம் குறையலாம். பரக்கத்து குறையாது.

நட்டு வையுங்கள்

ஒரு முஸ்லிம் நடும் மரத்திலிருந்தோ விதைக்கும் பயிரிலிருந்தோ ஒரு மனிதரோ பறவையோ பிராணியோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாகும் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. உண்பதற்கே இந்த நன்மை என்றால், நோயாளி பறித்துப் பயன் பெறும் செடிக்கு எவ்வளவு நன்மை! மாடி வீட்டிலும் நான்கு தொட்டிகளுக்கு இடமிருக்கும். ஒன்றில் கற்பூரவள்ளி, ஒன்றில் துளசி, ஒன்றில் கற்றாழை, ஒன்றில் தூதுவளை வைக்கலாம். கொல்லை இருப்பவர்கள் நொச்சியும் முருங்கையும் மருதாணியும் நடலாம். பள்ளிவாசல் வளாகத்தில் ஒளுச் செய்யும் இடத்து நீர் வீணாகச் சாக்கடைக்குப் போகிறது. அந்த நீரைத் திருப்பி அங்கே ஒரு சிறு மூலிகைப் பாத்தி அமைக்க நிர்வாகத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு செடிக்கும் அதன் பெயரையும், எதற்கு ஆகும் என்பதையும், யாருக்கு ஆகாது என்பதையும் பலகையில் எழுதி வைப்போம். மதரஸாப் பிள்ளைகள் தண்ணீர் ஊற்றட்டும். நம் உம்மும்மாமார்கள் அறிந்திருந்த செடியை நம் பிள்ளைகள் அடையாளம் காணட்டும்.

அருமைச் சகோதரர்களே! முன் வரிசையின் ஓரத்தில் நாற்காலியில் அமர்ந்து தொழும் பெரியவரை நீங்கள் அறிவீர்கள். போன வாரம் அவரிடம் சென்று, உங்கள் செய்தியைப் பயானில் சொல்லட்டுமா என்று அனுமதி கேட்டேன். "சொல்லுங்க ஹஜ்ரத். என் கால் போனது போனதுதான். இன்னொருத்தர் கால் இருக்கட்டும்" என்றார். சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டிச் சிரித்தார். வீட்டில் கருஞ்சீரகமும் இருக்கிறதாம். ரொட்டியில் தூவி உண்கிறாராம். நான் இவ்வளவு நேரம் சொன்னதை அவர் தம் வாழ்க்கையிலேயே அமைத்துக்கொண்டார். மருந்தையும் விடவில்லை, சுன்னத்தையும் விடவில்லை.

நிவாரணம் அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. செடியைப் படைத்தவனும் அவனே. மருத்துவருக்கு அறிவைத் தந்தவனும் அவனே. இரண்டையும் அவனுடைய அருளாகப் பெற்று, இரண்டையும் அவனுடைய அமானிதமாகக் காப்போம். நம் நோயாளிகள் அனைவருக்கும் அவன் பூரண ஷிபாவைத் தருவானாக! அறியாமல் நாம் பேசியதால் பிறருக்கு நேர்ந்த தீங்கை மன்னித்து, அதனை ஈடு செய்யும் நற்செயல்களுக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.